பூண்டை உரிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

ஒரே வீட்டில், ஒரே கையால் வைக்கப்படும் பூண்டுக் குழம்பு ஒரு நாள் இனிப்பேறியும் இன்னொரு நாள் நெடியேறியும் அமைவதற்குப் பூண்டின் அளவே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். அளவுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால் பல்லை எவ்வளவு உடைத்தோம், உடைத்த பிறகு எத்தனை நேரம் கழித்துச் சூடு காட்டினோம் என்ற இரண்டும்தான் சுவையைப் பெரிதும் மாற்றுகின்றன என்பது அடுப்படியில் நான் கண்டது. அதனால் அன்றைக்கு வைக்கப்போவது ரசமா, குழம்பா, சட்னியா என்று முடிவு செய்யாமல் நான் பூண்டைக் கையில் எடுப்பதில்லை.

உரிக்காத முழுப்பூண்டை முகர்ந்து பார்த்தால் மணம் மிகக் குறைவாகவே இருக்கும். பல்லுக்குள் அல்லியின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. கத்தியோ குழவியோ அந்தச் சுவர்களை உடைத்ததும் இரண்டும் கலந்து, சில நொடிகளிலேயே அல்லிசின் உண்டாகிறது. கண்ணைக் கரிக்கும் நெடியும் நாக்கைச் சுடும் காரமும் இதனுடையவை. 1944இல் செஸ்டர் கவாலிட்டோ, ஜான் பெய்லி என்ற அமெரிக்க வேதியியலாளர்கள் இதைப் பூண்டிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார்கள். அந்த நொதி சூடு தாங்காது என்பதுதான் சமைப்பவர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பல்லை உடைக்காமல் முழுதாக வேகவிட்டால், சேர்மத்தோடு கலப்பதற்கு முன்பே நொதி செயலிழந்துவிடும். நெடி பிறப்பதற்கே வழியில்லாமல் போகும்.

புளிக்குழம்புக்கும் பூண்டுப் பாலுக்கும் பற்களை முழுதாகப் போடும் வழக்கத்தின் பலன் இதிலிருந்து விளங்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் பூண்டுப் பாலில் ஒரு கைப்பிடி பற்கள் கிடந்தும் அது குடிக்கக்கூடியதாக இருக்கிறதென்றால், அவை உடைபடாமல் வெந்ததுதான் காரணம். தண்ணீரும் பாலுமாகக் கலந்து, பற்கள் விரலால் நசுங்கும் பதம் வரும் வரை சிறுதீயில் வேகவிட்டு, அதன் பிறகே மத்தால் மசித்து, மஞ்சளும் மிளகும் பனங்கற்கண்டும் சேர்க்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பச்சைப் பூண்டை முதலிலேயே நசுக்கிப் பாலில் போட்டால், எவ்வளவு கற்கண்டு போட்டாலும் அந்த நெடி முழுதாக மறையாது.

ரசத்துக்கு இதற்கு நேர் எதிரான வேலை தேவைப்படுகிறது. மிளகையும் சீரகத்தையும் சிறிய உரலில் ஒன்றிரண்டாக இடித்து, கடைசியில் பூண்டைத் தோலோடு போட்டு இரண்டு தட்டுத் தட்டி எடுப்பதே எங்கள் வீட்டு முறை. தோல் ரசத்தில் மிதக்கும், சாப்பிடும்போது ஒதுக்க வேண்டியிருக்கும் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தோலோடு தட்டினால் பல் உரலில் வழுக்காமல் நிற்கும், கூழாகாமல் பிளந்து மட்டும் கொடுக்கும் என்பதால், அந்தச் சிறு தொல்லையைப் பொருட்படுத்தாமல் நான் தோலோடுதான் தட்டுகிறேன். தட்டியதை உடனே கொதியில் போடாமல் பத்து நிமிடம் உரலிலேயே விட்டுவைப்பது நல்லது. நொதி தன் வேலையை முடிக்க அந்த இடைவெளி போதும். பிறகு ரசம் நுரை கட்டி வரும்போது சேர்த்து இறக்கினால் மணம் தட்டு வரைக்கும் வந்து சேரும்.

பச்சையாக அரைக்கும் பூண்டுச் சட்னியில் காரம் உச்சத்தில் இருக்கும், ஏனெனில் அரைக்கும்போது உடையாத செல் என்று அனேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. இங்கே புளியை எப்போது சேர்க்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். மிகுந்த புளிப்பில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. ஆகவே உறைப்பான சட்னி வேண்டுமென்றால் பூண்டையும் வற்றல் மிளகாயையும் உப்பையும் முதலில் அரைத்துவிட்டுக் கடைசியில் புளி வைத்து ஒரு சுற்று ஓட்ட வேண்டும். குழந்தைகளும் சாப்பிடும்படி சற்றுச் சாதுவாக வேண்டுமென்றால் புளியைத் தொடக்கத்திலேயே சேர்த்து அரைக்கலாம். மேலே ஊற்றும் நல்லெண்ணெயின் அளவு அவரவர் மனசாட்சிக்கு உட்பட்டது.

இனி வாங்குவதைப் பற்றி. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பெரிய பல் பூண்டில் கணிசமான பங்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பகுதிகளிலிருந்து வருகிறது. உரிப்பதற்கு எளிது, வறுவலுக்கும் தாளிப்புக்கும் போதுமானது. கொடைக்கானல் மலைப்பூண்டு வேறு ரகம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் விளையும் அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி வீட்டுக்குள் புகை படும்படி தொங்கவிட்டு உலர்த்தும் பழக்கம் அந்த மலைக்கிராமங்களில் உண்டு, அந்தப் பூண்டு கெடாமல் நெடுநாள் நிற்பதற்கும் அது உதவுகிறது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் இதையும் மற்ற ரகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து வாங்கலாம். லேகியத்துக்கும் பூண்டுப் பாலுக்கும் மலைப்பூண்டைத் தேடிப்போவதில் நியாயம் இருக்கிறது. தினசரி ரசத்துக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எந்த ரகமானாலும் கையில் எடுத்தால் கனமாகவும், அழுத்தினால் கெட்டியாகவும், மேல்தோல் காய்ந்து சலசலப்பதாகவும் இருக்க வேண்டும். தோலின் மடிப்பில் கரும்பூசணம் தெரிந்தாலோ, ஒரு பல் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ விட்டுவிடலாம்.

உரிக்கும் வேலைதான் பலரைக் கடையில் விற்கும் விழுதுப் பொட்டலத்தின் பக்கம் தள்ளுகிறது. இரண்டு மூன்று பற்கள்தான் வேண்டுமென்றால் அடிக்கட்டையைக் கிள்ளிவிட்டு, கத்தியின் அகலப்பக்கத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் தோல் தானே விலகிக்கொள்ளும். குழம்புக்காகப் பல் முழுதாக வேண்டுமென்றால் இது உதவாது. பற்களைப் பிரித்து வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்தால் தோல் நெகிழ்ந்து, நகம் பட்டதும் சட்டைபோலக் கழன்றுவிடும். ஊறவைத்த பற்களை ஈரம் போகத் துணியில் துடைத்து உலர்த்தாமல் எண்ணெயில் போடக் கூடாது. சூடான எண்ணெய் தெறித்துவிடும். ஊறுகாய்க்கு இந்த முறையே வேண்டாம், ஏனென்றால் மிச்சமிருக்கும் ஈரம் ஊறுகாயைக் கெடுத்துவிடும்.

ஊறுகாய்க்கும் லேகியத்துக்கும் கிலோக் கணக்கில் உரிக்க வேண்டிய நாட்களில் எங்கள் அத்தையின் முறைக்கு இணையாக நான் வேறு எதையும் கண்டதில்லை. உதிர்த்த பற்களின்மேல் சிறிது நல்லெண்ணெய் தெளித்துப் பிசிறி, சுளகில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, தோல் மொரமொரப்பானதும் ஒரு முரட்டுத் துணியில் கட்டித் தேய்த்துவிட்டு, அதே சுளகில் புடைத்தால் தோல் பறந்து பற்கள் மட்டும் தங்கும். “வெயில் உரிச்சுக் குடுக்கிறதை நகத்தால எதுக்குடி உரிக்கிறே” என்பார். புதிதாக அறுவடையான ஈரப் பூண்டில் இந்த முறை பலிக்காது. அதன் தோல் தடித்து, சதையோடு ஒட்டிக்கிடக்கும். கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டும். நிறைய உரிக்கும்போது விரல்நுனி எரிவதும் அல்லிசினால்தான் என்பதால், தொடங்கும் முன் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன்.

உரித்த பல்லுக்குள் பச்சை முளை தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதற்குச் சிறு கசப்பு உண்டு. பச்சையாக அரைக்கும் சட்னிக்கு மட்டும் பல்லை நெடுக்கில் பிளந்து முளையை எடுத்துவிடுவேன். கொதிக்கும் குழம்பில் அது தெரியவே தெரியாது.

தாளிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பூண்டில் உள்ள நீர் வற்றும் வரைதான் அது பொறுத்துக்கொள்ளும், வற்றிய பிறகு பொன்னிறத்திலிருந்து கருப்புக்குப் போக நொடிகள் போதும், கருகிய பூண்டின் கசப்பை வெல்லம் போட்டும் சரிசெய்ய முடியாது. முழுப் பற்கள் மெதுவாகத்தான் நிறம் மாறும் என்பதால் புளிக்குழம்பில் அவற்றை முதலில் போட்டுச் சிறுதீயில் வதக்கி, ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் சின்ன வெங்காயத்தைச் சேர்க்கலாம். பொடியாக நறுக்கியதோ, தட்டியதோ என்றால் வெங்காயம் வதங்கிய பிறகே போட வேண்டும்.

மிஞ்சியதைச் சேமிப்பதில் ஒரு கவலை எனக்கு உண்டு. உரித்த பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்துச் சமையலறை அலமாரியில் வைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. மண்ணிலிருந்து வரும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். காற்றுப் புகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், அப்போதும் நிறமோ மணமோ மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. 1980களில் கனடாவின் வான்கூவரிலும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் இத்தகைய எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்டவர்கள் நோயுற்றிருக்கிறார்கள். நம் ஊறுகாயில் புளியும் எலுமிச்சையும் உப்பும் தாராளமாக இருப்பதால் அங்கே அந்தக் கிருமிக்கு வசதி குறைவு. எலுமிச்சைச் சாற்றில் பூண்டு சில சமயம் நீலப் பச்சையாக மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, அது கந்தகச் சேர்மங்கள் அமினோ அமிலங்களோடு வினைபுரிவதால் வரும் நிறம், தீங்கில்லாதது. உரிக்காத பூண்டு வலைப்பையில் காற்றாடத் தொங்கட்டும், குளிர்பெட்டியின் குளிர்ச்சியில் அது சீக்கிரம் முளைவிடும். உரித்ததை மட்டும் மூடிய டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிடலாம். அதற்கு மேலும் மிஞ்சும் என்று தெரிந்தால், அரைத்துச் சிறு வில்லைகளாக உறையவைத்துக்கொள்ளலாம்.