மூன்றாம் நாள் குதிகால் ரத்தம்

“பிள்ளை ரொம்பச் சமத்து, பாலுக்குக்கூட நாமதேன் எழுப்பணும்” என்று உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா பெருமையாகச் சொன்னால், பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்க்கும் நாங்கள் ஒரு நிமிடம் நின்று கேட்போம். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை அதிகம் தூங்கும், பால் குடிக்கச் சுணங்கும், மலம் இறுகும். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் இறங்காது. தொப்புள் துருத்தும், நாக்கு தடிக்கும், அழுகுரல் கரகரக்கும்.

ஆனால் இதெல்லாம் கண்ணில் படும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். தாயின் தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன், கொஞ்சம் வயிற்றிலேயே வந்து சேர்ந்திருப்பதால், பெரும்பாலான குழந்தைகள் முதல் சில வாரங்கள் எந்தக் குறையும் இல்லாதது போலத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் தைராய்டு ஹார்மோன் மாத்திரை தொடங்கிவிட்டால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மூளைக்கு வந்த நஷ்டம் முழுதாகத் திரும்பாது.

இது அபூர்வ நோயும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பல மைய ஆய்வில் 1130 குழந்தைக்கு ஒன்று என்று தெரிந்தது. தென்னிந்தியாவில் 727க்கு ஒன்று. சுரப்பி உருவாகாமலோ இடம் மாறியோ இருப்பது ஒரு வகை. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. சுரப்பி இருந்தும் ஹார்மோன் தயாரிக்க முடியாதது இன்னொரு வகை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது வகை கூடுதலாக வரும். அந்த வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனைக் கட்டியவரா, அத்தை மகனைக் கட்டியவரா என்று நாங்கள் கேட்பது வம்புக்காக இல்லை.

இதைக் கண்டுபிடிக்கத்தான் குதிகாலில் ரத்தம் எடுத்து டிஎஸ்ஹெச் பார்க்கிறோம். தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன் அது. சுரப்பு குறைந்தால் அது ஏறும். ஆனால் பிறந்த அரை மணி நேரத்தில் எந்தக் குழந்தைக்கும் டிஎஸ்ஹெச் 60, 80 வரை ஏறி, பிறகு இறங்கும். முதல் நாளே ரத்தம் எடுத்தால் நல்ல குழந்தைக்கும் அதிகமாகக் காட்டும். அதனால் 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் சரி. அதற்கு முன்பே வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள இடத்தில், டிஎஸ்ஹெச் ஏறுவதற்கு முன்பே, பிரசவ அறையிலேயே தொப்புள்கொடி ரத்தம் எடுத்துவிடலாம். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் டிஎஸ்ஹெச் தாமதமாக ஏறலாம். இரண்டு முதல் நாலு வாரத்தில் மறுபடி எடுக்காமல் விடக்கூடாது.

குதிகாலை வெதுவெதுப்பான துணியில் சுற்றிச் சூடாக்க வேண்டும். குத்துவது குதிகாலின் இரு ஓரங்களில்தான், நடுவில் இல்லை. ஆழம் 2 மில்லிமீட்டருக்குள். குத்துமுன் ஸ்பிரிட்டில் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பீட்டடின் வேண்டாம், அதிலுள்ள அயோடின் குழந்தையின் தைராய்டையே தற்காலிகமாக முடக்கிவிடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த பெரிய துளியை, ரத்தம் உறிஞ்சும் வடிதாள் அட்டையின் ஒரே பக்கத்தில் தொட்டு, அதிலுள்ள வட்டம் நிரம்பவிட வேண்டும். ரத்தம் வரவில்லையென்று குதிகாலைப் பிசைந்தால் திசுநீர் கலந்து முடிவு குறைவாக வரும். துளிமேல் துளி வைத்தால் அதிகமாக வரும். அட்டையைப் படுக்கை வாட்டில் நிழலில் மூன்று நாலு மணி நேரம் காயவிட்டு, 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். மதுரை மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ஒரு மதியம் கிடந்த அட்டையை நம்ப முடியாது.

ரிப்போர்ட்டில் அளவு எதற்கானது என்றும் பார்க்க வேண்டும். டிஎஸ்ஹெச் முழு ரத்தக் கணக்கில் 10 என்றால், சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) கணக்கில் ஏறக்குறைய 22. சீரம் கணக்கில் 20லிருந்து 40 வரை இருந்தால் ஏழு முதல் பத்து நாளில் மறுபரிசோதனை. 40க்கு மேல் என்றால் அன்றே கூப்பிட்டு, நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு, முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரை தொடங்குவது வழக்கம்.

அந்தக் கூப்பிடுதலில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. பதிவேட்டில் பேரையூர் மாமியார் வீட்டு முகவரி இருக்கும். தாயும் பிள்ளையும் மேலூரில் அம்மா வீட்டில் இருப்பார்கள். கொடுத்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் கணவருடையது. ஷிப்டில் எடுக்க மாட்டார். ஆகவே “இங்கருந்து எந்த ஊருக்கும்மா போறீக?” என்று கேட்டு, அந்த வீட்டில் இருக்கப்போகிற ஒருவர் எண்ணையும் கிராம சுகாதார செவிலியர் எண்ணையும் அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். எங்களைக் கேட்டால், குத்துவதைவிட இதுதான் முக்கியமான வேலை.

அந்த மாத்திரையின் பெயர் லெவோதைராக்சின். அளவு, எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மூன்று கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை என்று தொடங்கலாம். இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துப் பாலாடையில் கொடுக்க வேண்டும். உரைமருந்துக் கல்லில் இழைத்தால் பாதி கல்லிலேயே தங்கிவிடும். பால் புட்டியில் கலந்தால், மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி தேவை. கொடுத்தவுடனே கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாம். ஒரே கம்பெனி மாத்திரையையே தொடர்வது நல்லது.

இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்து, பிறகு முதல் ஆறு மாதம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். எடை ஏற ஏற மருந்தின் அளவும் மாறும். “நார்மல்னு வந்துருச்சுல்ல” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எப்போதும் உண்டு. நார்மலாக வந்ததே மாத்திரையால்தான். மூன்று வயதுக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். சுரப்பியே இல்லாத குழந்தைக்கு அந்தச் சோதனைக்கும் வேலையில்லை.