செம்மண் புழுதியும் ஜிடி86-உம்: காற்றுப் பெட்டி மாற்றிய அனுபவம்

என்னுடைய 2013ஆம் ஆண்டு டொயோட்டா ஜிடி86, வாரத்தில் ஐந்து நாள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பீடோரில், எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கூரையின் கீழேயே நிற்கும். சனிக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகும். அந்த வழியில் கடைசி இரண்டு கிலோமீட்டர் தார் போடாத செம்மண் சாலை. எதிரே ஒரு பழக்குலை லாரி வந்துவிட்டால், முன்னால் இருப்பது சாலையா சாக்கடையா என்று தெரியாத அளவுக்குப் புழுதி எழும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதே கார் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டி அனுப்புவது காற்றுப் பெட்டி. இந்த இரண்டு பயணங்களுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய ஒரு காற்றுப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, என் கையாலேயே பொருத்தி, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததைப் பதிவு செய்கிறேன்.

இந்தக் காரின் எஃப்ஏ20 எஞ்சின் 1,998 சிசி கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர்களும் இரண்டிரண்டாக இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் வகை. டர்போ கிடையாது, தானாக இழுக்கும் காற்றை மட்டுமே நம்பி 7,000 சுழற்சியில் 200 குதிரைத்திறன் தருகிறது. இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை இரண்டு லிட்டர் காற்றை இழுக்கும் எஞ்சின், 7,000 சுழற்சியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,000 லிட்டர் இழுக்கும். பத்தடிக்குப் பத்தடி லயத்து அறை ஒன்றின் காற்றை நான்கே நிமிடத்தில் குடித்துத் தீர்த்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை காற்றோடும் புழுதி வருகிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், வடிகட்டியை அதன் நிறத்தையும் சத்தத்தையும் பார்த்து வாங்க மனம் வராது. செம்பனை ஆலையில் காற்றழுத்த இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை என்பதால், கிழிந்த ஒரு வடிகட்டி உள்ளே என்னென்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் அளவெடுத்தேன். காரின் கணினி தரும் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் செருகும் மலிவான புளூடூத் கருவியும் கைப்பேசியும் அதற்குப் போதும். வெளியே 33 பாகை வெயிலில், 90 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் 37 பாகையாக இருந்தது. சாலைப் பணிக்காகப் பத்து நிமிடம் நின்றபோது 52 வரை ஏறியது. காற்றின் வெப்பம் ஒவ்வொரு மூன்று பாகை ஏறும்போதும் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறையும் என்பதால், ஓடும்போது நாலு பாகை வித்தியாசம் என்பது பெரிய இழப்பே இல்லை. காரோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த பெட்டியின் மூக்கு, ரேடியேட்டருக்கு மேலே முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. பலரும் மட்டமாகப் பேசும் அந்தக் கறுப்புப் பெட்டி உண்மையில் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த வாரத்தில்தான் உணர்ந்தேன்.

பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு வேண்டியது அந்தப் பாக்ஸர் எஞ்சினின் உறிஞ்சும் ஒலி. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் ஒலிக்காக எஞ்சினைப் புழுதிக்கும் மழைக்கும் காவு கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன்.

அந்த வரம்பில் முதலில் விழுந்தது திறந்த காளான் வடிவ வடிகட்டி. நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். ஒலி அருமை. ஆனால் மறைப்பு ஏதுமின்றி எஞ்சின் அறைக்குள்ளேயே காற்றை இழுப்பதால், நின்ற இடத்தில் வெப்பம் 60 பாகையைத் தாண்டியது. மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் இறங்குவதற்கு நெடுநேரம் பிடித்தது. அடுத்தது, வடிகட்டியைக் கீழே பம்பருக்குப் பின்னால் கொண்டுபோகும் நீண்ட குழாய். அங்கே காற்று குளிர்ச்சியாகத்தான் இருக்கும். எங்கள் தோட்டத்து மதகோ ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் காட்டும். இந்தக் கார் ஏற்கெனவே தாழ்ந்தது. வடிகட்டி தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அந்த விஷப்பரீட்சைக்கு நான் தயாராக இல்லை. பழைய பெட்டிக்குள்ளேயே வைக்கும் பருத்தித் தட்டு வடிகட்டி மிக எளிய வழி. அதில் எண்ணெய் தடவ வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் தடவிவிட்டால் அது காற்றளவு சென்சாரின் சூடான கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். அளவாகத் தடவத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல தேர்வாக இருக்கலாம். எனக்கு என் பொறுமையில் நம்பிக்கை இல்லை.

கடைசியில், மூடிய பெட்டியும் உலர் வடிகட்டியும் கொண்ட ஒரு தொகுதியை ஏறக்குறைய 1,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். அதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். அது தொழிற்சாலை மூக்கையே பயன்படுத்துகிறது. சென்சார் உட்காரும் குழாயின் உள்விட்டமும் பழையதைப் போலவே இருக்கிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. குழாய் முழுவதிலும் போகும் காற்றை அந்தச் சென்சார் அளப்பதில்லை. தன்னைத் தொட்டுச் செல்லும் காற்றை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுகிறது. குழாய் அகன்றால், அதே காற்று மெதுவாகப் போகும். எஞ்சினை இயக்கும் கணினி காற்றைக் குறைவாகக் கணக்கிட்டுப் பெட்ரோலையும் குறைத்துவிடும். அப்படிப்பட்ட குழாய்க்குக் கணினியை மறுபடி டியூன் செய்தாக வேண்டும்.

பொருத்தும் வேலை இரண்டரை மணி நேரம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சென்சார் இணைப்பை எடுத்து, ஹோஸ் கிளாம்ப்புகளைத் தளர்த்தி, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டால் பெட்டியின் போல்ட்டுகளை அவிழ்த்தால் எல்லாம் கையோடு வந்துவிடும். சென்சாரின் இரண்டு திருகுகளில் மட்டும் அவசரம் கூடாது. தலை தேய்ந்துவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். எஞ்சின் ஒலியை ஓட்டுநர் அறைக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதன் வாயைத் தொகுதியோடு வந்த ரப்பர் மூடியால் அடைத்தேன். பழைய பெட்டியைத் துடைத்துப் பரணில் வைத்திருக்கிறேன். காரைப் பெயர் மாற்றப் புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நாளில் அது தேவைப்படலாம்.

முதல் தொடக்கத்திலேயே எஞ்சின் சும்மா நிற்கையில் மேலும் கீழுமாகத் தடுமாறியது. பேட்டரியைக் கழற்றியதால் கணினி மறுபடி கற்றுக்கொள்கிறது என்று எண்ணி இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குறியீடு பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாத மெலிந்த கலவை. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகக் குழாய் அகலமாக இருக்கிறதோ என்று விற்றவரைச் சந்தேகித்தேன். எரிபொருள் திருத்த அளவைப் பார்த்த பிறகே புத்தி வந்தது. வண்டி நிற்கும்போது கணினி 18 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் சேர்க்கிறது. மிதித்து ஓட்டினால் அது 3 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. குழாய் விட்டம் தவறாக இருந்தால் பிழை எல்லா வேகத்திலும் தெரியும். நிற்கும்போது மட்டும் தெரிந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் வெற்றிட இழுப்பு எங்கோ அளக்கப்படாத காற்றைத் திருடுகிறது என்று பொருள். டார்ச் அடித்துப் பார்த்ததில், எஞ்சினின் அடியில் உள்ள கிராங்க் அறையின் மூச்சுக் குழாய் புதிய குழாயின் காம்பில் பாதி மட்டுமே ஏறி, கிளாம்ப் வெறும் ரப்பரைக் கவ்விக்கொண்டிருந்தது. குற்றவாளி நானேதான். வடிகட்டாத காற்று மூன்று நாள் கிராங்க் அறைக்குள் போயிருக்கிறது. நல்ல வேளையாக இடையில் சனிக்கிழமை வரவில்லை. மனம் கேளாமல் எண்ணெயையும் மாற்றிவிட்டேன். இப்போது திருத்த அளவு இரு பக்கமும் 4 விழுக்காட்டுக்குள் நிற்கிறது.

பலன் என்ன என்றால், ஓடும்போது வெப்பம் பழைய பெட்டியோடு ஒரு பாகை முன்பின், நின்றால் 53. இந்தக் காருக்கே உரிய 3,500 முதல் 4,500 சுழற்சி வரையிலான முறுக்குவிசைப் பள்ளம், அதாவது இழுவை தளரும் இடம், அப்படியேதான் இருக்கிறது; அதற்கு எக்ஸாஸ்ட் ஹெடரும் டியூனும் வேண்டும். ஆனால் 5,000 சுழற்சிக்கு மேல் எழும் அந்த உறுமலைக் கேட்கும்போது 1,400 வெள்ளி எனக்கு வலிக்கவில்லை. கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் ஒரு நண்பர், மலைக்காற்று குளிர்ச்சி என்பதால் கார் பறக்கிறது என்றார். அங்கே உயரம் சுமார் 1,440 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 16 விழுக்காடு குறைவு. 33 பாகைக்குப் பதில் 20 பாகை என்பதால் நாலு விழுக்காடு திரும்பக் கிடைத்தாலும், பீடோரைவிட அடர்த்தி 12 விழுக்காடு குறைவுதான். பறந்தது அவருடைய மனமாக இருக்க வேண்டும்.

மூன்று மாதமும் 3,000 கிலோமீட்டரும் ஆன பிறகு பெட்டியைத் திறந்தேன். வடிகட்டியின் வெளிப்பக்கம் செங்கல் நிறத்தில் இருந்தது. வடிகட்டிக்குப் பின்னால் உள்ள குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி சுத்தமாகவே வந்தது, மூடியின் ஒரு மூலைக்கு நேராக மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தவிர. அங்கே ரப்பர் விளிம்பு சற்று மடிந்து உட்கார்ந்திருந்தது. விளிம்பைச் சீராக்கி, சிலிக்கோன் கிரீஸைத் தொட்டுத் தடவி, மூடியை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினேன். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய்த் திரும்பியதும் அதே இடத்தை மறுபடி துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.