விறகடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவேன்

காடு வளர்ப்புத் திட்டங்களை மதிப்பீடு செய்கிற வேலை என்று சொன்னால் ரங்கூனில் நம் ஆட்களுக்கே சட்டென்று புரியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்டால் 'மரம் எண்ணுகிற வேலை' என்று சொல்லிவிட்டு இலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். முழுப் பொய்யும் இல்லை. வெளிநாட்டு நிதியில் ஒரு கிராமத்தில் கன்று நடுவார்கள், மூன்று நான்கு வருடம் கழித்து நிதி கொடுத்தவர் 'பணம் என்ன ஆயிற்று' என்று கேட்பார், அதற்குப் பதில் எழுத எங்களைப் போன்றவர்களை அனுப்புவார்கள். கையில் கொடுத்தனுப்பும் படிவத்தில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். நட்டதில் எத்தனை பிழைத்திருக்கிறது?

எனக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஒன்பது அடிக்கு ஒன்பது அடி என்று நட்டால் ஏக்கருக்கு 530 கன்றுக்கு மேல் வரும், அங்கங்கே கயிறு பிடித்துக் கட்டம் போட்டு எண்ணி, பெருக்கி, சதவீதம் எழுதினால் வேலை முடிந்தது. அந்த எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு ஊரில் நான்கு வருடத் தோட்டத்தில் ஒரு வரிசை முழுக்க முழங்கால் உயரக் கன்றாகவே நின்றது. ஒன்றின் அடியில் மண்ணை விரலால் விலக்கினேன், கறுப்புப் பாலித்தீன் பை கிழிக்காமல் அப்படியே வேரைச் சுற்றி இருந்தது, பைக்குள் நாற்றங்கால் மண் ஈரம்கூடக் காயவில்லை. கூட வந்த ஊர்க்காரர் வேறு பக்கம் திரும்பிச் சுருட்டுப் பற்றவைத்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய மரங்களின் அடியில் கரி படிந்திருந்தது, கோடையில் தீ வந்து போயிருக்கிறது, செத்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள், நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் அவசரத்தில் நிரப்பியிருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று எழுதுவதா, மறுநடவு என்று எழுதுவதா? படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இல்லை. உயிரோடு இருக்கிறதா, ஆம்.

அதனால் நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஊருக்குப் போனதும் காட்டுக்குப் போக மாட்டேன். நாலு வீட்டுக் கொல்லைப்புறம் போய் விறகடுக்கைப் பார்ப்பேன். பெண்ணாக இருப்பதில் இந்த வேலைக்கு ஒரு வசதி, அடுப்படிக்குள் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான் சொல்லப்போகிற ஊர் நியாங்லேபின் பக்கம், பெகு யோமா மலையடிவாரத்துக்கும் சித்தாங் ஆற்றுச் சமவெளிக்கும் நடுவில் இருக்கிறது. பர்மியர், கரேன்காரர், நம் ஆட்கள் என்று மூன்று தெரு. நம் தெருவில் இருப்பவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் நெல் வயல் வேலைக்கு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள். 1960களில் கடையும் தொழிலும் அரசுடைமை ஆனபோது பட்டணத்தில் இருந்தவர்கள் கப்பலேறிப் போனார்கள், இவர்கள் வயலை விட்டுப் போக வழியில்லாமல் நின்றுவிட்டார்கள். வயலாவது சொந்தமா என்றால் பாதிப் பேருக்கு அதுவும் இல்லை, நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள்.

இந்த நாட்டில் சமூகக் காடு என்பது 1995இல் வந்த உத்தரவு. வனத்துறையின் கையில் இருக்கும், பெரும்பாலும் மொட்டையாகிப்போன நிலத்தை ஊர்க்காரர்களின் பயனாளர் குழுவுக்கு 30 வருடத்துக்கு ஒப்படைப்பார்கள், குழு மரம் வளர்த்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2030க்குள் 22.7 லட்சம் ஏக்கர் என்று வனத்துறையின் பெருந்திட்டத்தில் இலக்கு வைத்தார்கள். முதலில் வீட்டுத் தேவைக்கு என்றுதான் பேச்சு, 2016 திருத்தத்தில் விற்பனைக்கும் வழி திறந்தது. ஆனால் எதை நடுவது? 1992 வனச் சட்டப்படி தேக்கு எங்கே நின்றாலும் அரசாங்கத்துக்குச் சொந்தம், உங்கள் வீட்டு வாசலில் நின்றாலும்தான். பிறகு எவன் தேக்கு நடுவான்? 2018 சட்டம் வந்துதான் தோட்டமாக நட்டவருக்கு உரிமை என்று மாற்றினார்கள். அதற்குள் ஊர் ஊராக யூகலிப்டஸ் நட்டாகிவிட்டது, வேகமாக வளரும், யாரும் வந்து என்னுடையது என்று சொல்ல மாட்டார்கள்.

1856இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரர் இதே பெகுக் காடுகளுக்குப் பொறுப்பாக வந்தார். மலைச்சரிவில் காட்டை எரித்து நெல் போட்ட கரேன் குடியானவர்களை வைத்தே நெல்லுக்கு நடுவில் தேக்கு நடவைக்கும் முறை அவர் காலத்தில்தான் பிடித்தது. இரண்டு மூன்று போகம் எடுத்துக்கொண்டு அவர்கள் அடுத்த சரிவுக்கு நகர வேண்டும், மரம் அரசுக்கு. உலகம் முழுக்க வனக் கல்லூரிகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கரேன் குடியானவருக்கு விறகு எங்கிருந்து வந்தது என்று யாராவது எழுதியிருந்தால் படிக்க ஆசை.

சரி, விறகடுக்குக்கு வருகிறேன். நம் தெருவில் ஒரு ஆயா வீடு. மூங்கில் தட்டிச் சுவர், சாணி மெழுகின தரை, பின்னால் இறவாரத்துக்குக் கீழே இடுப்பளவுக்கு விறகு. அடியில் இருந்தது வயதான ரப்பர் மரத் துண்டு, காசு கொடுத்து வாங்கியது, மழைக்காலத்துக்கென்று தொடாமல் வைத்திருக்கிறார். அதற்கு மேலே பிளந்த மூங்கில். அதற்கும் மேலே, நேற்றோ முந்தாநாளோ வந்தது, கட்டைவிரல் தடிப்பில் யூகலிப்டஸ் குச்சிகள், எல்லாம் நேராக, கிளை இல்லாமல், ஒரு முனை அரிவாளால் சாய்த்து வெட்டினது. கிளையை ஒடித்தால் இப்படி நேராக இருக்காது. வெட்டின கட்டையிலிருந்து கிளம்பும் போத்து இது. அதாவது இவர்கள் மரத்தை ஏற்கெனவே ஒரு தடவை வெட்டிவிட்டார்கள், இப்போது அது விடும் போத்தை வருடா வருடம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"திருடுறோம்னு எழுதிடாதம்மா" என்றார் ஆயா, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

"விறகுன்னுதான் எழுதுவேன் ஆயா" என்றேன்.

மறுநாள் காட்டுக்குப் போனபோது அந்தக் கட்டைகளைப் பார்த்தேன். கணுக்கால் உயரத்தில் கட்டை, அதைச் சுற்றி ஐந்தாறு போத்து, இலை பச்சையாக மின்னுகிறது. கூட வந்த பையன் எண்ணிக்கொண்டே வந்தான், இதுவும் உயிர், அதுவும் உயிர். படிவப்படி அந்தப் பகுதி முதல் தரம். விட்டத்தை அளந்தால் தோல்வி, ஏனென்றால் கம்பத்துக்கு விற்கிற மாதிரி ஒரு மரம்கூட அங்கே இல்லை. ஆயாவைக் கேட்டால் வெற்றி. முன்பெல்லாம் யோமா அடிவாரம் வரை விடியுமுன் போய் உச்சி வெயிலில் சுமையோடு திரும்புவார்களாம், இப்போது உலை வைத்துவிட்டுப் போய் அது கொதிப்பதற்குள் வந்துவிடலாம் என்றார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார், இருந்தாலும் விஷயம் அதுதான். 2014 குடிக்கணக்கில் இந்த நாட்டில் பத்தில் ஏழு வீட்டில் விறகில்தான் சமையல். அப்படிப்பட்ட ஊரில் காடு வளர்த்துவிட்டு, விறகு எடுக்க நடக்கும் தூரம் குறைந்ததா என்று படிவத்தில் ஒரு வரி இல்லை.

ஆனால் குழுவின் விதிப்படி அது திருட்டேதான். மரம் முதிரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்டது யார்? நிலம் உள்ளவர்கள், வரப்பு மரத்திலேயே விறகு கிடைக்கிறவர்கள், மாட்டுவண்டி வைத்திருக்கிறவர்கள். கூட்டமெல்லாம் பகலில்தான் நடந்தது, கூலிக்காரர் அதற்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வந்தாலும் பெயர் எழுத நம் ஆட்களுக்குப் பயம். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அட்டை மூன்று நிறம், முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, மற்றவர்களுக்கு நீலமும் பச்சையும். எதுவுமே கையில் இல்லாமல், தாத்தா காலத்துப் பழைய காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கும் குடும்பங்களும் நம் தெருவில் உண்டு. அரசாங்கப் பட்டியலில் பெயர் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அட்டை விசாரணை வருமோ என்று ஒதுங்கிவிட்டார்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்து எனக்கு முன்னால் வந்த ஆலோசகர் 'தமிழர்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவருடைய அறிக்கையில் இன்னொரு வரி: ஒரே வறட்சிக் காலத்தில் மேற்குச் சரிவில் மரம் நிறையக் குறைந்ததற்குக் காரணம் 'விழிப்புணர்வுக் குறைவு'. எங்கள் துறையில் யாராவது இதை எழுதினால் அந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்க வேண்டும் என்பேன். எந்த வருடம் என்று பார்த்தேன், 2018 கோடை. அதற்கு முந்தின ஆகஸ்டில் டெல்லியில் துவரைக்கும், உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் இறக்குமதி உச்சவரம்பு போட்டார்கள். பெகுப் பக்கம் நெல் அறுத்த ஈரத்தில் விதைப்பது உளுந்துதான், அதை வாங்குவது இந்தியாதான். விலை விழுந்தது. விதைக்கு வாங்கின கடன் அப்படியே நிற்கிறது. வயல்காரர் கையில் காசு இல்லையென்றால் கூலிக்காரருக்கு வேலை இல்லை. அந்தக் கோடையில் மேற்குச் சரிவில் கரிமூட்டம் போட்டார்கள், மூட்டை கட்டி ரோட்டோரம் விற்றார்கள். தலைவர் வீட்டுப் பையனும் போட்டான், நம் தெருப் பையன்களும் போட்டார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாருக்கு எந்த விழிப்புணர்வு குறைந்துபோயிற்று?

என் அறிக்கையில் இதையெல்லாம் எழுதினேன். அலுவலகத்தில் உளுந்து விலைப் பகுதியைப் 'பொருத்தமில்லை' என்று பின்னிணைப்புக்குத் தள்ளினார்கள், விறகுப் பகுதியைச் சுருக்கி ஒரு பத்தி ஆக்கினார்கள். அந்த ஒரு பத்தி போதும் என்று ஆகிவிட்டது, ஏனென்றால் அதை வைத்து விதிகளைத் திருத்த ஒரு கூட்டம் போடச் சொல்ல முடிந்தது. பகலில் வேண்டாம், விளக்கு வைத்த பிறகு என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பொங்கி மடத்துச் சாவடியில், அதாவது புத்த பிக்குகள் மடத்தில், நடந்தது. பெண்கள் வந்தார்கள், ஆயா முன்வரிசையில்.

போத்து அறுக்கும் விஷயம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. கரேன்காரத் தலைவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, கீழ்ப்பக்கம் உள்ள பகுதியை விறகுக்கென்று ஒதுக்கிவிடலாம், ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு போத்தை விட்டுவிட்டு மற்றதை அறுக்கட்டும், பெயர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரில் அடுப்பு எரிகிற வீடெல்லாம் அறுக்கலாம் என்றார். அவருடைய மனைவியும் அங்கேதான் அறுக்கிறார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சண்டை வந்தது தீமிதிக்கு. நம் தெரு அம்மன் கோயிலில் வருடா வருடம் பங்குனியில் தீமிதி, குழிக்கு வண்டி வண்டியாக விறகு வேண்டும். இத்தனை காலம் யோமாவிலிருந்து யாரோ கொண்டுவந்து இறக்குவார்கள், யாரும் கேட்பதில்லை. 2016இல் நாடு முழுக்க ஒரு வருடமும் பெகு யோமாவில் மட்டும் பத்து வருடமும் மரம் வெட்டத் தடை போட்ட பிறகு வண்டியைப் பிடித்தால் மாடும் போய்விடும் என்ற நிலை. ஆகவே சமூகக் காட்டிலிருந்து கொடுங்கள் என்று கோயில் கமிட்டி கேட்டது. தலைவர் யூகலிப்டஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பூசாரி எழுந்து நின்றுவிட்டார். "அது வெடிக்கும், பொறி பறக்கும், கங்கு நிக்காது. பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இறங்குறவங்க இருக்காங்க. புளி வேணும், இல்லேன்னா இருள் மரம் வேணும்." இதை நான் பர்மியில் சொல்ல, பர்மியத் தெருக்காரர் ஒருவர், அப்படியானால் மடத்துச் சமையலுக்கு யார் விறகு கொடுப்பது என்று கேட்க, இன்னொருவர் சாவு வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க, அதுவரை தூங்கி வழிந்தவர்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருடத்தில் இவ்வளவு சூடான வனக் கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மூன்று தெருவுக்கும் காடு எதற்கு என்ற பேச்சே அன்றைக்குத்தான் வந்தது.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தப் பக்கம் என்னால் போக முடியவில்லை. கூட்டத்தில் எழுதின தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. கோயிலுக்கு எத்தனை வண்டியோ மடத்துக்கும் அத்தனை வண்டி, சாவு விழுந்தால் எந்தத் தெரு வீடானாலும் கணக்குப் பார்ப்பதில்லை, எல்லை நெடுக இனிமேல் யூகலிப்டஸ் வேண்டாம், புளி வைப்பது. புளியங்கன்றுக்கு நிதி கேட்டபோது, அங்கீகரித்த மரப் பட்டியலில் புளி இல்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கோயில் கமிட்டி அதற்குக் காத்திருக்கவில்லை, வீடு வீடாகப் புளியங்கொட்டை வசூலித்து, பூசாரி வீட்டுக் கொல்லையிலேயே நாற்று எடுத்துவிட்டார்கள்.