டபிள்யூ இசட் சஜிட்டே இன்னும் தூங்குது

ஏற்காடு லேடீஸ் சீட்ல நின்னா கீழ சேலத்து லைட்டெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா மங்கலான நட்சத்திரம் பாக்க அந்த இடம் சரிப்படாது, அதனால நாகலூர் ரோட்டுல ஒரு காபி எஸ்டேட் ஓரமா 8 இன்ச் டெலஸ்கோப்ப இறக்கி வச்சுருவேன். நான் தேடறது டபிள்யூ இசட் சஜிட்டேனு ஒரு குறு நோவா. 1913, 1946, 1978, 2001னு இதுவரைக்கும் நமக்குத் தெரிஞ்சு நாலே தடவதான் வெடிச்சிருக்கு.

வெடிப்புன்னா நட்சத்திரமே சிதறிப் போறதில்லைங்க. ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீந்துபோய் சுருங்கின நட்சத்திரம்), அத 82 நிமிஷத்துக்கு ஒரு தடவ சுத்தி வர்ற ஒரு குட்டித் துணை நட்சத்திரம், அந்தத் துணைகிட்ட இருந்து வாயு கசிஞ்சு வெள்ளைக் குள்ளன சுத்தி தட்டு மாதிரி சேந்துட்டே இருக்கும், மேட்டூர் டேம் நிறையற மாதிரி. ஒரு கட்டத்துல தட்டு சூடாகி ஹைட்ரஜன் அயனியாச்சுன்னா (அதாவது எலக்ட்ரான் பிரிஞ்சுட்டா) தேங்கி நின்ன வாயு மடமடன்னு உள்ள இறங்கும், தட்டு பளிச்சுனு எரியும். 15வது மேக்னிட்யூட்ல (வெளிச்ச அளவு, எண் கொறைஞ்சா வெளிச்சம் கூடும்) கெடந்தது 8 கிட்ட வந்துரும், அதாவது 600 மடங்கு வெளிச்சம்! எஸ்எஸ் சிக்னினு இன்னொரு குறு நோவா சில வாரத்துக்கு ஒரு தடவ இப்படி பண்ணும், இதுல வாயு ரொம்ப மெதுவா கசியறதால பல வருஷம் ஆகுது.

சாதாரண நாள்ல என் டெலஸ்கோப்புக்கு அது எட்டாது. சிவப்பு டார்ச்ல நட்சத்திர சார்ட்ட பாத்து, கண்ண நேரா வைக்காம கொஞ்சம் ஓரமா வச்சு, பக்கத்துல எந்த நட்சத்திரம் வரைக்கும் தெரியுதுனு பாப்பேன். 13 வரைக்கும் தெரிஞ்சு அது தெரியலன்னா "13ஐ விட மங்கல்"னு எழுதி ஏஏவிஎஸ்ஓங்கற, வெளிச்சம் மாறுற நட்சத்திரங்களப் பத்தின பதிவுகள சேக்கற அமைப்புக்கு அனுப்பிருவேன். எஸ்டேட் வாட்ச்மேன் அண்ணன் கேப்பாரு, "ஒண்ணுமே தெரியலன்னு எழுதறதுக்கா தம்பி இவ்ளோ குளிர்ல நிக்கற?" ஆமாண்ணே, அதுக்குத்தான். நேத்து இல்லனு ஒருத்தர் எழுதி வச்சாத்தான் இன்னிக்கு ஆரம்பிச்சுதுனு உறுதியா சொல்ல முடியும், மொதல் சில மணி நேரம்தான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ரொம்ப முக்கியம்.

2001ல ஜூலை 23ல ஜப்பான்ல இருந்துதான் மொதல்ல பாத்தாங்க. ஜூலைன்னா நமக்கு மூடுபனியும் மழையும், ஆனா நடுவுல ஒரு மணி நேரம் வானம் தொறந்தாலும் விடக்கூடாது. திருவோணத்துக்கு வடக்க, நம்ம ஊருக்கு கிட்டத்தட்ட உச்சியிலயே வரும். எரிஞ்சா சாதாரண பைனாகுலர்லயே தெரியும், சேலம் மொட்டை மாடில இருந்து கூட பாக்கலாம், சார்ட் வேணும்னா கேளுங்க அனுப்பறேன்.