எமனோவையும் சுள்ளியையும் தேடி ஒரு மலைப் பயணம்

ஊட்டியில் ஒரு ஆட்டோவுக்கு 900 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் தங்கச்சியும் கொல்லிமலை போக வேண்டும் என்றோம். நாமக்கல் கொல்லிமலை இல்லை, ஊட்டிக்குப் பக்கத்திலேயே கோத்தர் என்கிற பழங்குடியினர் வாழும் கொல்லிமலை. "ரோடு சரியில்லீங் அக்கா, திரும்பி வரப்ப வண்டி காலியா வரோணும்" என்றார் டிரைவர். காத்திருந்து எங்களையேதானே கூட்டிக்கொண்டு வரப்போகிறீர்கள், அப்புறம் எப்படிக் காலியாக வரும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, ரேட்டும் இறங்கவில்லை. போன பிறகு 'வெயிட்டிங்' என்று தனியாக 150 ரூபாய் கேட்டார். அதை மட்டும் கொடுக்கவில்லை. வரும்போது மெயின் ரோடு வரை நடந்து, டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசுக்கு ஊட்டி வந்து சேர்ந்தோம். சீசன் நேரத்தில் அந்த ஊரில் ஆட்டோ ஏறுபவர்கள், உட்காரும் முன்பே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிவிடுங்கள்.

அவ்வளவு கொடுத்தும் ஏன் போனோம் என்றால், எமனோ என்கிற ஒரு மொழி ஆராய்ச்சியாளருக்காகவும், அவருக்குக் கதை சொன்ன சுள்ளி என்கிற கோத்தருக்காகவும். மர்ரே பார்ன்சன் எமனோ. தமிழ் எம்.ஏ. படித்த என் தங்கச்சிக்கே அவரைப் பாடத்தில் ஒரு வரியாகத்தான் தெரியும்: 'பர்ரோ, எமனோ: திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி'. இரண்டு மார்க் கேள்வி, அதோடு சரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை நம் கோயம்புத்தூருக்கு மேலே உள்ள மலையில்தான் திசை திரும்பியது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் லூனன்பர்க் என்கிற மீன்பிடி ஊரில் 1904-ல் பிறந்தவர். லத்தீன், கிரேக்கம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய், அங்கிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். அங்கே சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டம். ஆராய்ச்சி எதில் தெரியுமா? வேதாளக் கதைகளில். பாட்டி நமக்குச் சொன்ன அதே விக்கிரமாதித்தன், அதே முருங்கைமரத்து வேதாளம்! பட்டம் வாங்கிய 1931-ல் அமெரிக்காவில் பொருளாதார மந்தம், சமஸ்கிருதம் படித்தவருக்கு எங்கே வேலை? அந்தச் சமயத்தில் யேலுக்கு வந்து சேர்ந்தார் எட்வர்ட் சப்பீர். எழுத்தில்லாத செவ்விந்திய மொழிகளைக் காதால் கேட்டே எழுதி இலக்கணம் கண்ட பெரிய ஆள். அவரிடம் பயின்ற எமனோ, அவர் தூண்டுதலில், தோடர் என்கிற பழங்குடியினரின் மொழியைப் படிக்க நீலகிரிக்குக் கிளம்பினார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர், படகர், குடகர் மொழிகள், அதற்கப்புறம் மத்திய இந்தியாவின் கோலாமி. மூன்று வருடத்தில் சேர்த்ததை வைத்து ஐம்பது வருடம் எழுதியிருக்கிறார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கோபியிலிருந்து சத்தி, சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம். அந்த பஸ்ஸைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஜன்னல் கண்ணாடி மேலேயும் போகாது, கீழேயும் வராது; சீட்டின் கம்பி முதுகில் குத்துகிறது; டிரைவர் போட்ட பாட்டு சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. "சில்லறை கில்லறை இருந்தாக் குடுத்துருங்க" என்று கண்டக்டர் வந்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எமனோ 1938-ல் எழுதிய ஒரு கட்டுரையே இதைப் பற்றித்தான். புலி கிலி, சில்லறை கில்லறை என்று நாம் பேசுவது மாதிரியே தோடர்களும் பேசுவதை அதில் காட்டியிருக்கிறார். இந்த இரட்டைப் பேச்சு இந்தியா முழுக்க, திராவிட மொழி, வடமொழிக் குடும்பம், முண்டா மொழி என்று வித்தியாசம் இல்லாமல் பரவிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட பொதுக் கூறுகளை வைத்து 1956-ல் 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' என்கிற கருத்தை அவர் முன்வைத்தார். வேறு வேறு குடும்பத்து மொழிகள் பல நூற்றாண்டு ஒரே மண்ணில் பக்கத்து பக்கத்தில் வாழ்ந்தால், சொல்லை மட்டும் கடன் வாங்குவதில்லை, பேசும் விதத்தையே ஒன்றிடமிருந்து ஒன்று பழகிக்கொள்கின்றன. இன்றைக்கு உலகில் எந்த வட்டார மொழிகளைப் பற்றி இப்படிப் பேசினாலும் அந்தக் கட்டுரையைத் தொடாமல் யாரும் போவதில்லை.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு வீட்டு மெஸ். போர்டு கூடக் கிடையாது. அரிசிம்பருப்பு சாதம், மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் வதக்கல், சுட்ட அப்பளம், கெட்டித் தயிர். சாதத்தில் பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டிருந்தார்கள். பருப்பு குழையாமல் முழுசாக, சீரகம் பல்லில் படும்படி. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு, மலையேறப் போறே" என்று அந்த அம்மா வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய். மேலே ஊட்டியில் ஆறிப்போன சப்பாத்திக்கும் தண்ணிக் குருமாவுக்கும் ஆளுக்கு 180 கொடுத்தபோது இந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக இரண்டு ரோடு. எல்லாரும் குன்னூர் வழியாகப் போவார்கள். நாங்கள் கோத்தகிரி ரோட்டைப் பிடித்தோம். கூட்டம் குறைவு, மூச்சுவிட்டுப் பார்த்துக்கொண்டு போகலாம். கோத்தகிரி என்கிற ஊர்ப் பெயரிலேயே கோத்தர்கள் இருக்கிறார்கள். இரும்படிப்பது, மண்பாண்டம் செய்வது, வாத்தியம் வாசிப்பது என்று மலையின் கைவினையெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் கையில்தான் இருந்தது. எருமை வளர்த்த தோடர்களுக்கும் நிலத்தை உழுத படகர்களுக்கும் அவர்களே கருமார், அவர்களே இசைக்காரர்கள்.

அங்கே ஒரு கோத்தர் பெரியவரிடம் பேச வாய்த்தது. வீட்டு வரிசையைக் காட்டி 'கேர்' என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் புல்லரித்துவிட்டது. நம் 'சேரி'தான் அது. 'செவி' அவர்கள் பேச்சில் 'கெவ்'. கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. இந்த மாதிரிச் சொற்களில் முதலில் இருந்த பழைய ககரத்தைத் தமிழ் எப்போதோ சகரமாக மாற்றிக்கொண்டது. மலைமேல் இருந்தவர்கள் மாற்றவில்லை. அதாவது இந்த மாற்றம் தமிழில் நடப்பதற்கு முன்பே அவர்கள் பேச்சு தனி வழியில் போய்விட்டது என்று அர்த்தம். கோத்தர் பேச்சு தமிழின் கொச்சை என்று மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அடித்துச் சொல்வார். முப்பது வருடமாக மலைக்கு லோடு ஏற்றுகிறவர். தப்புங்க மாமா. அது தமிழின் பங்காளி, சில விஷயங்களில் நம்மைவிடப் பழசைக் காப்பாற்றி வைத்திருக்கும் பங்காளி.

அடுத்த நாள்தான் அந்த 900 ரூபாய் ஆட்டோவில் கொல்லிமலை. கோத்தர்கள் அதை 'கோல்மேல்' என்பார்கள். இங்கேதான் கே. சுள்ளி வாழ்ந்தார். கோத்தர்களில் முதலில் ஆங்கிலம் படித்தவர்களில் ஒருவர், பள்ளி ஆசிரியர். தன் சமூகத்தில் பல வழக்கங்களை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர். வழக்கப்படி வளர்த்த குடுமியை வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது ஊரே எதிர்த்தது. டேவிட் மண்டெல்பாம் என்கிற மானிடவியலாளர் அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எமனோவுக்குக் கோத்தர் மொழியில் கதை கதையாகச் சொன்னவர் இந்தச் சுள்ளிதான். அவர் சொல்லச் சொல்ல எமனோ ஒலிக்குறிப்பில் எழுதினார். 1944 முதல் 1946 வரை கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நான்கு பகுதிகளாக அதை அச்சிட்டது. ஒரு சமூகத்தின் கதைகள் முழுக்க ஒரே ஆளின் நினைவிலிருந்து, ஒரே ஆளின் வாயிலிருந்து வந்து நிற்கின்றன. அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் பெயரில் பாதி சுள்ளிக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊரில் வண்டியை வெளியே நிறுத்தி, கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனோம். கோயில் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, படமும் எடுக்கவில்லை. ரீல்ஸ் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்றுக்கும் போனோம். வளைந்த கூரைக் கோயிலைச் சுற்றிக் கல் சுவர். பெண்கள் நெருங்கக் கூடாது என்பதால் தள்ளியே நின்றோம். சுவருக்கு வெளியே ஒரு அம்மா வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் போட்டுக்கொண்டிருந்தார். வரைந்துவைத்த கோடு ஒன்றும் கிடையாது, துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணியே ஊசி குத்துகிறார். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு இது. சால்வை எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை, ஒரு சின்னப் பை வாங்கினோம். டவுன் கடையில் கேட்ட விலையில் முக்கால்வாசிதான், காசும் நேராக அவர் கைக்கே போனது. பேரம் பேசவில்லை. அந்த வேலைக்குப் பேரம் பேசுவது பாவம்.

அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் தோடர் மொழியில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ரகரமே எத்தனை விதம்! நாக்கு நுனியில் மூன்று இடங்களில் உருளும் மூன்று ரகரம், ஒவ்வொன்றுக்கும் யகரச் சாயல் ஏறிய இன்னொரு வடிவம். ரகர றகரத்தையே ஒன்றாக்கிவிட்ட நம் காதுக்கு அது பிடிபடவே இல்லை. இதையெல்லாம் முப்பத்தொரு வயதில் வந்த ஒரு கனடாக்காரர் காதால் பிரித்து எழுதினார் என்பதை அங்கே நின்று கேட்டால்தான் முழுசாக உறைக்கும். தோடர் பாட்டுகளையும் அவர்தான் சேர்த்தார், 1971-ல் தடித்த புத்தகமாக வந்தது. அந்தப் பாட்டில் ஒரு அடி வந்தால் அதற்கு இணையாக இன்னொரு அடி ஜோடியாக வர வேண்டும். எருமை, புனித இடம், செத்தவர் பெருமை என எதைப் பாடினாலும் ஜோடி தப்பாது. அதற்கென்று புலவர் சாதி கிடையாது, யார் வேண்டுமானாலும் அந்த நேரத்துக்குக் கட்டிப் பாடுவார்கள்.

ராத்திரி லாட்ஜில் (1,400 ரூபாய், வெந்நீர் வரவில்லை, போர்வை ஒன்றுதான்) போனில் அந்தப் பர்ரோ, எமனோ அகராதியைத் திறந்து உட்கார்ந்துவிட்டோம். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. எமனோவும் ஆக்ஸ்ஃபோர்டு சமஸ்கிருதப் பேராசிரியர் தாமஸ் பர்ரோவும் சேர்ந்து செய்தது. 5,500-க்கும் மேற்பட்ட பதிவுகள். தமிழில் சொல் இருந்தால் பதிவு அதில்தான் தொடங்கும், மலையாளம், கோத்தர், தோடர், கன்னடம் என்று போய், பாகிஸ்தானின் பிராகுயி வரை ஓடும். கோடிப்பேர் பேசும் தெலுங்குக்கும் இரண்டாயிரம் பேர் அளவிலான கோத்தர் மொழிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரே எழுத்தளவு. அந்தத் திருத்திய பதிப்பு வந்த 1984-லேயே தோடர் இலக்கண நூலும் வந்தது. அப்போது அவருக்கு வயது 80! நடுவில் பெர்க்லியில் 1953-ல் மொழியியல் துறையை நிறுவி, கலிஃபோர்னியாவின் செவ்விந்திய மொழிகளைப் பதிவுசெய்யும் திட்டத்தையும் தொடங்கிவைத்தார். 2005-ல், 101 வயதில் இறந்தார்.

கோபம் என்னவென்றால், மலை முழுக்க நாங்கள் சுற்றிய இடத்தில் அவர் பெயரும் இல்லை, சுள்ளி பெயரும் இல்லை. டிக்கெட் வாங்கிப் போன ஒரு காட்சிக்கூடத்தில் குடிசை மாதிரி, வில் அம்பு, மணிமாலை எல்லாம் இருந்தன. இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. பட்டன் அழுத்தினால் ஒரு தோடர் பாட்டு கேட்கிற மாதிரி வைக்க என்ன செலவாகிவிடும்? ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பூங்காவையும் படகையும் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்தப் பிள்ளைகள் தன் மொழியின் பங்காளிகளைக் காதால் கேட்டுவிட்டுப் போகும்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ்ஸில் போனால் மலைக்குள் நுழைய இ-பாஸ் எடுக்கும் தொல்லை இல்லை, சொந்த வண்டி என்றால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பஸ் செலவு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிவரை ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பணம் போனதெல்லாம் ஆட்டோவிலும் லாட்ஜிலும்தான். தங்குவதைக் கோத்தகிரியில் வைத்துக்கொண்டால் கணிசமாக மிச்சமாகும். எங்களுக்கு அடுத்து இருளர் மொழி. செக் நாட்டு கமில் சுவலபில் அதைப் பற்றி மூன்று தொகுதி எழுதியிருக்கிறார். அதற்கு மலை உச்சி வரைகூட ஏற வேண்டாம், அடிவாரத்திலேயே வேலை. அடுத்த போனஸ் வரட்டும்.