ரிப்போர்ட்ல வந்தது வெறும் நாரு

போன மாசியில அப்பாவுக்கு கண்ணு மஞ்சளாச்சு. மேலூர்ல எல்லாரும் சொன்னாகன்னு கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுத்தோம், பத்து நாள் அதுலயே போச்சு, அரிப்பு தாங்காம ராத்திரில எந்திரிச்சு தூண்ல முதுகத் தேய்ச்சுக்கிட்டு நின்னாரு, அதப் பாத்துட்டு தான் மதுரைக்கு கூட்டிட்டு போனேன். கணையத்து தலைப்பக்கம் கட்டி, பித்தக்குழாய அமுக்கிருச்சு. அடைப்பத் தொறக்க ஸ்டென்ட்னு சின்ன குழாய் வச்சாங்க, மஞ்சள் எறங்குச்சு.

அப்பறம் எண்டோஸ்கோப்பி விட்டு ஊசியால சதை எடுத்தாங்க. ரிப்போர்ட்ல நார்த்திசு தான் இருக்கு, கேன்சர் செல் தெரியலன்னு போட்ருந்துச்சு. அம்மா அழகர்கோயில் பதினெட்டாம்படி கருப்புக்கு மாலை வாங்கவே கெளம்பிட்டாங்க. டாக்டர் மொகத்துல சிரிப்பே இல்ல. "தம்பி, நுங்கு வெட்டிருக்கீங்கல்ல, காய் எம்புட்டு, சுளை எம்புட்டு? நம்ம ஊசி மட்டையில மாட்டிருக்கு. திரும்ப எடுக்கணும்"ன்னாரு.

கணையக் கட்டில பெரும்பங்கு இந்த மட்டை மாதிரி நாரு தானாம், சிலருக்கு 80, 90 சதவீதம் கூட இருக்குமாம். கணையத்துல ஸ்டெல்லேட் செல்னு ஒண்ணு, சும்மா கெடக்கும்போது வைட்டமின் ஏ-ய சேத்து வச்சுக்கிட்டு கம்முனு இருக்கும், பக்கத்துல கேன்சர் வந்து உசுப்பிவிட்டா கொலாஜன்ங்கிற நார கொட்டி கொட்டி எடத்தையே இறுக்கிரும், ரத்தக்குழாய் நசுங்கி கீமோ மருந்து சரியா உள்ள போகாது. போதாக்கொறைக்கு அலனைன்னு ஒரு சத்த வேற கேன்சருக்கு ஊட்டி விடுதாம். வீட்டு ஆளே திருடனுக்கு சோறு போட்ட கதை!

"அப்ப அந்த நார கரைச்சுட்டா என்ன சார்?"னு கேட்டேன். அதுவும் பாத்துட்டாங்களாம். 2009-ல எலிகள்ல அந்த நார கொறைச்சப்ப மருந்து நல்லா உள்ள எறங்கியிருக்கு, மனுசங்களுக்கு குடுத்து பாத்தப்ப பலிக்கல. 2014-ல எலிகள்ல அந்த செல்லையே ஒழிச்சு பாத்தா கேன்சர் இன்னும் மூர்க்கமாயிருக்கு, எலியும் சீக்கிரம் செத்துருக்கு. கேன்சருக்கு ஊட்டுறதும் அதான், ஒரு பக்கம் அத ஓட விடாம கட்டிப்போட்ருக்கிறதும் அதான். எனக்கு அன்னைக்கு பாதி தான் ஏறுச்சு.

ரெண்டாவது ஊசில கேன்சர்னு உறுதியாச்சு. மூணு வாரம் வீணானது இன்னமும் எனக்கு உறுத்துது, மொத ரிப்போர்ட் வந்த அன்னைக்கே சாம்பிள் பத்துமான்னு கேட்ருக்கணும்.

இப்ப கீமோ ஓடுது. 46 மணி நேரம் மருந்து பம்ப்ப இடுப்புல கட்டிக்கிட்டு திண்ணைல உக்காந்துருக்காரு. நேத்து நுங்குக்காரர் சைக்கிள் வந்துச்சு, நாலு வாங்க சொன்னாரு, கட்டை வெரலால சுளைய தோண்டிக்கிட்டே "மட்டைய மாட்டுக்கு போடுறா"ன்னாரு.