கொடைக்கானல் இறக்கத்துக்கு ஒரு மெழுகுச் சட்டை

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு சைக்கிளில் ஏறும்போது குளிர் தெரியாது. பனியனைப் பிழியலாம், அப்படி வியர்க்கும். இறங்கும்போதுதான் வினை. கால்கள் சும்மா இருக்க, நனைந்த மார்பில் காற்று வந்து அறையும். போன மார்கழியில் வெள்ளி அருவியைத் தாண்டுவதற்குள் பிரேக் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. போட்டிருந்த நைலான் மழைக்கோட்டு காற்றைத் தடுத்தது, ஆனால் வியர்வையை வெளியே விடவில்லை. கழற்றினால் உள்பக்கம் சொட்டியது.

அப்போதுதான் பருத்தியின் பக்கம் மனம் போனது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழும் பிரிட்டிஷ் விமானிகளுக்காக உருவான 'வென்டைல்' முழுக்கப் பருத்திதான். பூச்சு எதுவும் இல்லாமலே, நனைந்ததும் நூல் உப்பி நெசவின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அது மதுரையில் என் கண்ணில் படவில்லை. ஆகவே நெருக்கமாக நெய்த 'டிரில்' என்ற கெட்டிப் பருத்தித் துணியை எடுத்து மெழுகேற்றுவது என்று முடிவு செய்தேன். கடையில் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மூச்சு எளிதில் போனால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கஞ்சி போக இருமுறை அலசி, சுருங்கவிட்டு, தையற்காரரிடம் கொண்டுபோனேன்.

"பின்பக்கம் இவ்வளவு நீளம் எதற்குத் தம்பி?"

"குனிந்து ஓட்டும்போது இடுப்பில் காற்று ஏறக்கூடாது அண்ணே."

கையை முன்னால் நீட்டச் சொல்லி மறுபடி அளவெடுத்தார். நின்ற நிலையில் எடுத்த அளவைவிடக் கை நீளம் இரண்டு அங்குலம் கூடியது. சைக்கிள் சட்டைக்கு இதுதான் உயிர்.

முதலில் ஒரு துண்டுத் துணியில் மெழுகுவர்த்தியை உருக்கித் தடவினேன். மடித்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாக வெடித்தது. இரண்டு பங்கு தேன்மெழுகு கலந்ததும் துணி வளைந்து கொடுத்தது. தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகும். நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. தூரிகையால் பூசி, மேலே பழைய செய்தித்தாள் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். மெழுகு இழைக்குள் இறங்கியதும் துணியின் நிறம் ஒரு படி கறுத்தது. தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றது.

மார்பு, தோள், கையின் முன்பக்கம் மட்டும் பூசினேன். முதுகையும் அக்குளையும் வெறும் பருத்தியாகவே விட்டேன். காற்று முன்னாலிருந்து வருகிறது. வியர்வை பின்னால் போகட்டும்.

இந்த மார்கழியில் போட்டு இறங்கினேன். பெருமாள்மலையில் தூறல். மார்பு காய்ந்தே இருந்தது, முதுகில் லேசான ஈரம்தான். இடது தோளில் மட்டும் தையல் வழியே தண்ணீர் கசிந்து, நான்கு விரல் அகலத்துக்குப் பனியன் நனைந்திருந்தது. ஊசித் துளைகளில் மெழுகு நிற்கவில்லை.

எடை நைலானைவிடக் கூடுதல், மடித்துப் பையில் வைக்கவும் சிரமம். இருந்தாலும் நைலானுக்குத் திரும்பப் போவதில்லை. தோளில் தையலே வராதபடி ஒரே துணியாக வெட்டித் தர முடியும் என்கிறார் தையற்காரர். அடுத்த வாரம் துணி வாங்கிக் கொடுக்கிறேன்.